ஆடியது நாற்காலிதான்

அருமைத் தங்கை வாயாடிக்கு உன் அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று நீ எழுதாமலே தெரியும். இல்லையென்றால் இந்நேரம் நாலு தடவை போன் பண்ணியிருப்பாய்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பி வரவேண்டிய அவசியம் துளியும் இல்லை. என் கன்னத்தில் புதிதாக முளைத்த கரும்புள்ளி புற்றா இல்லையா என்று பார்க்க ஒரு துண்டு வெட்டி எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். அப்புறம் அவரே, வெட்டாமல், உயிருள்ள தோலுக்குள் இருக்கிற செல்களை அப்படியே பெரிதாக்கிக் காட்டும் லேசர் நுண்ணோக்கி வந்திருக்கிறது, படம் தெளிவாக விழுந்தால் கத்தியே வேண்டாம் என்றார். படமா? காலமெல்லாம் ஸ்டுடியோ வைத்து, ஊரில் பாதிப் பேரை "அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்று மிரட்டியவனிடமா இந்தப் பேச்சு?

உட்கார்ந்தேன். படம் எடுக்கிற பெண் கன்னத்தில் ஜெல் தடவி மெஷினின் மூக்கை ஒட்டவைத்தாள். திரையில் தேன்கூடு மாதிரி என் செல்கள். "சார், ஆடுது" என்றாள். நாற்காலி சரியில்லை என்றேன். மாற்றினாள். "இன்னும் ஆடுது சார்." ஃபேனை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். லிஃப்ட் ஓடுகிற அதிர்வு என்று விளக்கினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என்னை எழுப்பி, அதே நாற்காலியில் தான் உட்கார்ந்து தன் கையை மெஷினில் வைத்துக் காட்டினாள். படம் சுவர் மாதிரி நின்றது. "உங்க நெஞ்சு அடிச்சுக்கிறதுதான் சார் படத்துல தெரியுது. பயமா இருக்கா?" மறுபடி உட்கார்ந்து, "பயமா? எனக்கா?"ன்னு நான் கேட்ட கேள்வியில படம் திரையை விட்டே ஓடிப்போச்சு. உன் அண்ணி மூலையில உட்கார்ந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா!

அந்த நேரம் பார்த்தா நீ போன் பண்ணணும்? உன் அண்ணி நடப்பதையெல்லாம் உன்னிடம் ஒப்பித்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு என் காதோரம் நீட்டினாள். "ஏண்ணே, ஊசி போட நான் அழுதா கையைப் பிடிச்சுக்கிட்டுத் திட்டுவியே, இப்ப நான் திட்டறேன் கேளு. பேசாம உட்காரு! மூச்சை விடு!" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். பொம்பளைக்கு இவ்வளவு தொண்டை ஆகாது. தற்செயலாக அதே சமயம் லிஃப்டும் நின்றிருக்கவேண்டும், படம் அப்படியே நின்றது. இதில் உனக்குப் பங்கு எதுவும் கிடையாது. போன் கட்டானதும் லிஃப்ட் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. பாதிப் புள்ளிதான் பதிந்தது. பதிந்த பாதியில் கெடுதல் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீதிப் பாதிக்கு அடுத்த வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். தனியாகவே போய்ச் சிங்கம் மாதிரி உட்கார்ந்துவிட்டு வருவேன். நீ அங்கே உன் வேலையைப் பார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, மருமக்களுக்கு என் ஆசி. நீயும் தொண்டை கெடாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் அண்ணன்.

பி.கு.: கடிதத்தை உன் அண்ணி படித்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு மாடியே கிடையாதாம்; லிஃப்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள். வியாழக்கிழமைக்குள் வந்துவிடு. போனெல்லாம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு திட்டு.