முதல் ராஜினாமா

"நாளையிலேருந்து நான் வரலீங்க," என்றார் கட்டிங் மெஷின்காரர்.

முதலாளி நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தார். அவருடைய தந்தை தொடங்கிய அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அது. இங்கே வேலை செய்து ஓய்வு பெற்றுப் போனவர்கள் உண்டு. வேறு இடம் தேடிப் போனவர் நாற்பது வருடத்தில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பெருமைக்கு இப்போது ஆபத்து. போதாததற்கு, நாளை மதியம் ஐயாயிரம் பெட்டிகள் போயாக வேண்டும். அந்த மெஷின் இவர் ஒருவர் கைக்குத்தான் அடங்கும்.

"எந்தக் கம்பெனி?"

"சேர்ற அன்னைக்குத்தான் பேர் சொல்வாங்களாம். ஏஜென்சிக்காரர்தான் பேசறார்."

"பேரைச் சொல்லக் கூசறவன்லாம் ஒரு முதலாளியா! எவ்வளவு தர்றான்?"

"இங்கே வாங்கறதுக்கு மேல கால் பங்கு."

"நானும் தர்றேன். போய் மெஷினை ஓட்டு."

அரை மணியில் அவர் திரும்பி வந்து நின்றார்.

"வரலேன்னு சொன்னேங்க. உடனே இன்னும் ஏத்திட்டாங்க. குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடாம்."

"நானும் எடுக்கறேன். உன் மாமனார், மாமியாரையும் சேர்த்து!"

"மாமனாருக்கு மட்டும் போதுங்க."

வாசலைத் தாண்டுவதற்குள் அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கித் திரும்பினார். "பசங்க படிப்புச் செலவும் அவங்களே பார்த்துக்கறாங்களாம்."

முதலாளி வேறு கணக்குப் போட்டார். சம்பளத்தால் கட்டிப்போட முடியாதவனை மரியாதையால் கட்டிப்போட வேண்டும். மேனேஜரை விரட்டி 'சிறந்த தொழிலாளி' என்று பொறித்த கேடயம் ஒன்று வாங்கி வரச் சொன்னார். எல்லா மெஷின்களையும் நிறுத்தி, அத்தனை பேர் முன்னிலையில் அதை வழங்கினார்.

"இவருக்கு ஈடா இங்கே இன்னொருத்தர் கிடையாது!"

கைதட்டல் பாதியில் நின்றது. பசை ஒட்டும் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் முன்னால் வந்தார்.

"அப்ப நாங்கல்லாம் தினம் வேடிக்கை பார்க்கவா வர்றோம்?"

முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு மெஷினும் ஓடவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்; பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"சரி! எல்லாருக்கும் சம்பள உயர்வு! எல்லாருக்கும் காப்பீடு!" முதலாளி கட்டிங் மெஷின்காரர் பக்கம் கையை நீட்டினார். "இவருக்கு மட்டும், அந்தப் பேரில்லாதவன் என்ன தர்றானோ அதுல ரெண்டு மடங்கு!"

மெஷின்கள் உறுமத் தொடங்கின. கட்டிங் மெஷின்காரர் ஏஜென்சிக்கு, "வரவே மாட்டேன், இனிமே கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தார். முதலாளி அறைக்குத் திரும்பி மீசையை நீவிக்கொண்டார். குடும்பத்தின் பெயர் தப்பியது.

ஆள் சேர்க்கும் பொறுப்பிலிருந்த மருமகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நம்ம புது யூனிட்டுக்குப் பார்த்த ஆள் கையை விரிச்சுட்டார் மாமா! வெளியே ஆள் தேடறது தெரிஞ்சா கௌரவம் போயிடும்னு நீங்க சொன்னபடி, நம்ம பேர் தெரியாம ஏஜென்சி மூலமாவே எவ்வளவோ ஏத்திப் பார்த்தேன். எந்தப் பைத்தியக்கார முதலாளியோ எனக்கு மேல ஏத்திக்கிட்டே போறான்!"