பாப்பாவுக்கு ஜுரம்

உலகத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றுக்குப் பயப்படுவார்கள். பயப்படுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டவர், எனக்குத் தெரிந்து, மைனஸ் எண்பது ஒருவர்தான்.

இரண்டாயிரங்களின் பின்பாதியில் குரோம்பேட்டையில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். அங்கே மைனஸ் எண்பது டிகிரியில் ஓடும் ஃபிரீசர் ஒன்று உண்டு. அதைக் காவல் காத்தவருக்கும் அதே பெயர். சொந்தப் பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. காலையில் கோவிலம்பாக்கத்திலிருந்து வந்ததும், சாப்பாட்டுப் பையைக்கூட வைக்காமல் ஃபிரீசரில் காதை ஒட்டிக் கேட்பார். யாராவது கதவைத் திறந்துவிட்டால் தொலைந்தார்கள். "மூடு, மூடு! உள்ள கீறதுங்களுக்கு ஜுரம் வந்துடும்!" என்று கத்துவார். எங்கள் கைடே, இவர் டீ குடிக்கப் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவில் கை வைப்பார்.

எனக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு குப்பி வந்தது. சுண்டுவிரல் அளவு, அடியில் சில சொட்டு. மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லும் இடத்தில், அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம் அது. என் ஆராய்ச்சி மொத்தமும் அதை நம்பித்தான் இருந்தது. ஒருமுறை உருகினால் அவ்வளவுதான். இன்னொன்று வரவழைக்க வழியே இல்லை என்று கைடு கையை விரித்துவிட்டார்.

லேபிளில் 'ஹியூமன்' என்று பார்த்ததும் மைனஸ் எண்பதுக்கு வியர்த்துவிட்டது.

"இன்னாம்மா இது, யார் மூளை?"

"யாரோடதும் இல்லைண்ணா. மனுஷ ஜீனை லேப்ல வளர்க்கற செல்லுக்குள்ள வெச்சு, அந்த செல்லையே செய்ய வைக்கிறாங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ டெஸ்ட் டியூப் பேபின்னு சொல்லு."

அன்றிலிருந்து அது பாப்பா. ஃபிரீசர் பக்கம் சத்தமாகப் பேசினால்கூட முறைப்பார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஃபிரீசருக்குள் சூடு ஏற ஆரம்பிக்க, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைனஸ் எண்பது ஒரு தெர்மகோல் பெட்டியோடு ஓடி வந்தார். உள்ளே புகை ஐஸ், அதாவது டிரை ஐஸ். ஐஸ்கிரீம் குடோனில் வேலை பார்க்கும் மச்சானிடம் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தினமும் வாங்கி வைப்பாராம்! குப்பியை அதற்குள் புதைத்து, தாம்பரத்தில் என் தோழி வேலை பார்த்த லேபுக்கு ஆட்டோவில் பறந்தோம்.

சானடோரியம் அருகே நெரிசல். ஆட்டோவிலிருந்து வெள்ளையாகப் புகை வழிவதைப் பார்த்துவிட்டு ஒரு போலீஸ்காரர் கை காட்டினார்.

"பெட்டியில இன்னாய்யா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மைனஸ் எண்பது முந்திக்கொண்டார். "பாப்பா சார்."

"பாப்பாவா? ஐஸ்லயா?"

"ஆமா சார். ஜுரம் வரக்கூடாதுல்ல?"

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "சார், அது புரோட்டீன் சார்!"

"ஜிம்முல பசங்க கலக்கிக் குடிப்பானுங்களே, அதுவா? அதுக்கு எதுக்கும்மா புகை? தொற பெட்டிய!"

"தொறந்தா செத்துடும் சார்!" பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டார் மைனஸ் எண்பது. கூட்டம் கூடிவிட்டது. அங்கே நின்ற ஒவ்வொரு நிமிடமும் என் படிப்பு உருகி ஓடுவது போலிருந்தது. போலீஸ்காரர் தாமே மூடியைப் பிடுங்கினார். புகை குபுக்கென்று எழும்ப, ஓரடி பின்னால் துள்ளினார். பிறகு எட்டிப் பார்த்தார்.

"இத்தூண்டு பாட்டிலுக்கா இம்மாம் பேஜாரு? போங்கய்யா!"

தாம்பரம் ஃபிரீசருக்குள் பாப்பா போய்ச் சேர்ந்தது. உயிரோடுதான் சேர்ந்ததா என்பது சோதனை செய்தால்தான் தெரியும். அதைச் செய்த அன்று மைனஸ் எண்பது பிரசவ வார்டு வாசலில் நிற்பவரைப் போல நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். "வேலை செய்யுதுண்ணா!"

அப்படியே படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"பாப்பா மேல அவ்ளோ பாசமாண்ணா?"

"பாப்பா கெடக்குது போ," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அதுக்கு எதுனா ஆச்சுன்னா நீ தாங்கமாட்டியேன்னுதாம்மா பயந்துகினு இருந்தேன்."

அந்த மனிதருக்குப் போய், மைனஸ் எண்பது என்று பெயர் வைத்திருந்தோம்.