தராசு முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி

"வயித்துல ஒரு பிடி கொழுப்பு இல்லையேம்மா. எதை எடுத்து நான் மார்பு செய்யறது? உடம்பு போட்டுட்டு வாங்க," என்றார் டாக்டர்.

புற்று வந்து இடது மார்பை எடுத்தாயிற்று. உள்ளே சிலிக்கான் வைக்கலாம் என்றதற்கு அவள் ஒப்பவில்லை.

"போனது என் உடம்பு. என் உடம்பே திருப்பிக் குடுக்கட்டும்."

கிடங்கில் மூட்டை தூக்குகிறவளுக்குக் கொழுப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. கணவன் முட்டையும் நெய்யுமாகப் போட்டான். அவள் தின்றதை மூட்டை தின்றது. மிச்சத்தைத் தின்று அவனுக்குத் தொப்பை விழுந்தது.

"என்னுதுல எடுத்துக்கச் சொல்லேன்."

"உன் கொழுப்பை இத்தனை வருஷம் பொறுத்தது போதாதா? அடுத்தவங்க சதை ஒட்டாதாம்."

ஆஸ்பத்திரியில் படுத்ததற்குக் கிடங்கில் அவள் சொல்லி வைத்திருந்த காரணம் பித்தப்பைக் கல். 'அய்யோ பாவம்' என்று யாராவது சொன்னால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஒருவழியாக வயிறு எட்டிப் பார்த்தது. கூடத் தூக்குகிற வெண்கலத் தொண்டைக்காரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, இந்த வயசுலயா?"

"வாயுக்கா."

"எத்தனை மாச வாயு?"

கிடங்கே சிரித்தது. அதெல்லாம் இல்லை என்று காட்ட, அவள் இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கினாள். மேஸ்திரி பதறி ஓடிவந்து, அவளைத் தராசு முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

"புள்ளைத்தாச்சி மூட்டையைத் தொட்டா, தூக்கிவிட்டவனுக்கும் நாளைக்கு வேலை கிடையாது."

உண்மையைச் சொன்னால் அய்யோ பாவம். அதற்குப் பிள்ளைத்தாய்ச்சியே மேல் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆளுக்கொரு தூக்குச்சட்டி வந்தது. உட்கார்ந்த இடத்தில் வயிறு ஏறியது. கண்டவனெல்லாம் கைகுலுக்கியதில் கணவன் பின்தெரு வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

டாக்டர் அந்த வயிற்றைக் கிள்ளிப் பார்த்து, "இது போதும்," என்றார். சதையை ரத்தக்குழாயோடு எடுத்து, மார்பில் வைத்துத் தைத்தார். கண் விழித்தவள் கட்டுக்கு மேல் மெல்ல விரல் வைத்தாள். சூடாக இருந்தது.

"ஒட்டிக்கிச்சு. ரத்தம் நல்லா ஓடுது," என்றாள் நர்ஸ்.

அவள் ராணி மாதிரி படுத்திருந்தபோது கிடங்குப் பெண்கள் மொத்தமாக உள்ளே வந்தார்கள். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, புள்ளையெல்லாம் இல்ல. எனக்குப் புற்று. மாரை எடுத்துட்டாங்க, இப்போ வயித்துச் சதையில வேற வச்சிருக்காங்க. உங்களை ஏமாத்திட்டேன்."

வெண்கலத் தொண்டைக்காரி கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"இடது மாருல மூட்டையை அணைச்சுத் தூக்கினவ திடீர்னு வலதுக்கு மாத்தினா எங்களுக்குத் தெரியாதாடி? ஒத்தாசைன்னு வந்தா நீ அடிக்க வருவே, அதான் மேஸ்திரியையும் சேத்துக்கிட்டு உன்னைப் புள்ளைத்தாச்சி ஆக்கினோம்."