ரிவர்ஸ் அக்காவும் மேட்டுக்கொல்லையும்

ரிவர்ஸ் அக்காவைவிட ஜாக்கிரதையான பிறவி இந்த உலகத்தில் இன்னொன்று உண்டென்றால், அது இன்னும் தொட்டிலைவிட்டு இறங்கியிருக்காது. இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

காக்களூரில் விதைப்புக் கருவி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால், வேர்க்கடலையை வரிசையாகப் போட்டு மண்ணை மூடிக்கொண்டே போகும் கருவி. ஊர் ஊராகப் போய் அதை ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு. அப்படி ஆர்.கே.பேட்டைப் பக்கம், மலையை ஒட்டிய ஒரு மேட்டு நிலத்துக்கு, அந்த ஊர்ப் பேச்சில் மேட்டுக்கொல்லைக்கு, போனேன். "டிராக்டரா? மகளிர் குழுவுல ஒண்ணு கீது சார். ஆனா அத ஓட்டுற அம்மா வந்தா நீ நாஷ்டா, மதிய சாப்பாடு ரெண்டும் கையில கொண்டாந்துடு" என்றார் கொல்லைக்காரர்.

வந்தார் அக்கா. தலையில் மஞ்சள் ஹெல்மெட், புடவைக்கு மேல் பளபளக்கும் ஆரஞ்சுக் கோட்டு, கழுத்தில் விசில். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். காண்ட்ராக்ட் முடிந்ததும் புருஷன் ஊருக்கே வந்துவிட்டார். மகளிர் குழுவுக்கு டிராக்டர் வந்தபோது, அந்தப் பெண்களில் ஸ்டியரிங் பிடித்துப் பழக்கப்பட்டவர் இவர் ஒருவர்தான். ஆனால் வரும்போது தொழிற்சாலையின் சட்டதிட்டங்களையும் சீர்வரிசை மாதிரி கூடவே கொண்டுவந்துவிட்டார்.

வண்டியைக் கிளப்புமுன் கொல்லையில் இருக்கிற எல்லோரும் வரிசையில் நின்று, வலது கையை நீட்டி, "பாதுகாப்பே எங்கள் முதல் கடமை" என்று சொல்லியாக வேண்டும். கூலிக்கு வந்த பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள். அடுத்தது கோடு. டிராக்டர் போகும் பாதை நெடுகச் சுண்ணாம்புத்தூளால் ஒரு கோடு போட்டு, "இது எல்லோ லைன். ஒருத்தரும் தாண்டக் கூடாது" என்பார்.

"எல்லோன்றே, வெள்ளையா கீதேம்மா?" என்றார் கொல்லைக்காரர்.

"கலரு இன்னாவா இருந்தா இன்னா நைனா? நீ அந்தாண்ட நில்லு."

அவர் நிலத்தில் அவரையே அந்தாண்ட நிறுத்திய முதல் ஆள் அக்காதான். அக்காவின் அம்மா இதைப் போன்ற கொல்லைகளில் கூலிக்குக் களை வெட்டியவர். "வரப்புல உக்காரவே எங்கம்மா யோசிக்கும் சார்" என்று அக்கா பிறகொரு நாள் சொன்னார். கொல்லைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தாண்ட போய் நின்றார். மனிதர்கள் அடங்கிவிட்டார்கள், ஒரு பசுமாடுதான் அடங்கவில்லை. கோட்டைத் தாண்டி வந்து நின்றது. அக்கா இன்ஜினை அணைத்தார், விசில் ஊதினார், இறங்கி வந்து நோட்டில் எழுதினார்: 'மாடு. கோடு தாண்டியது. எச்சரிக்கப்பட்டது.'

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கீழ்க்கொல்லையிலிருந்து மேல்கொல்லைக்குப் போகும் செங்குத்தான ஏற்றத்தை அக்கா ரிவர்ஸில்தான் ஏறுவார். தலையைப் பின்னால் திருப்பிக்கொண்டு, நத்தையையே காக்கவைக்கும் வேகத்தில், மலையைப் பார்த்துப் பின்பக்கமாகவே போவார். பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

"ஏங்க்கா, நேரா ஏறினா இன்னா?" என்று கேட்டேன்.

"உங்க மிஷினு எங்க கீது?"

"பின்னாடி."

"வெயிட்டு அங்கதான? நேரா ஏறினா அது வண்டியப் பின்னால இழுக்கும். மூஞ்சி மேல தூக்கிக்கும். வெயிட்டு எப்பவும் மேட்டைப் பாத்துக்கினு இருக்கணும் சார். படிச்சவரு நீங்க, நான் சொல்றன்."

படித்தவனுக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. எங்கள் கருவி தவறே செய்யாது என்று ஊரைக் கூட்டிப் பேசியிருந்தேன். கீழ்க்கொல்லையில் விதைத்த எட்டாம் நாள் போய்ப் பார்த்தால், சரிவான இடத்தில் பள்ளத்துப் பக்க வரிசையில் செடி செடிமேல் ஏறி நிற்கிறது. மேட்டுப் பக்க வரிசை சுத்தமான வழுக்கை. அக்கா விதைப்பெட்டியைத் திறந்து காட்டினார். "வண்டி சாய்ஞ்சா கடலை எல்லாம் ஒரே பக்கம் ஓடுது. நடுவுல தடுப்பு வெச்சுக் குடுங்க." வைத்துக் கொடுத்தோம். கம்பெனியில் அந்த யோசனைக்காக என் கையைக் குலுக்கினார்கள். வெட்கமில்லாமல் நானும் குலுக்கினேன்.

விடுபட்ட வரிசைகளையும் மேல்கொல்லையையும் விதைக்க நல்ல மழை ஒன்று வேண்டியிருந்தது. அதுவும் வந்தது. மூன்றாம் நாள் மண் பதமாக இருந்தது. அன்றைக்கு விட்டால் ஈரம் போய்விடும். கொல்லைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா கோடு போட்டு முடிப்பதற்குள், அவருடைய மச்சான் தன் சொந்த டிராக்டரோடு வந்து இறங்கினார். "பின்னால போறவள நம்பினா அறுவடை அன்னிக்குத்தான் விதைப்ப மாமா" என்று சிரித்துவிட்டு, எங்கள் கருவியைத் தன் வண்டியில் மாட்டினார். அக்கா ஹெல்மெட்டை நீட்டினார். "தேங்கா உடைக்கவா போறன்?" என்று மச்சான் தள்ளிவிட்டார்.

"அப்ப எல்லாரும் கோட்டுக்கு அந்தாண்ட போங்க" என்றார் அக்கா. குரலில் என்னவோ இருந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, போனோம்.

மச்சான் நேராக ஏறினார். பாதி ஏற்றம் பிரமாதமாகப் போயிற்று. அதற்குமேல் முன் சக்கரம் இரண்டும் மண்ணைவிட்டுக் கிளம்பின. ஒரு சாண், ஒரு முழம். தும்பிக்கை தூக்கிய யானை மாதிரி டிராக்டர் நின்றது. கொல்லைக்காரர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. சத்தம் அக்காவிடமிருந்து வந்தது.

"கிளட்ச்சு! கிளட்ச்ச மிதிடா!"

ஒன்பது வருஷம் இயந்திர இரைச்சலைத் தாண்டிக் கத்திப் பழகிய தொண்டை அது. மச்சானின் மூளைக்கு எட்டுமுன் காலுக்கு எட்டிவிட்டது. மிதித்தார். முன் சக்கரங்கள் தொம்மென்று மண்ணில் விழுந்தன. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது.

"இப்ப பிரேக்கு! ரெண்டு காலையும் எடுக்காத!"

வண்டி நின்றது. அக்கா பக்கவாட்டில் ஓடிப்போய்ப் பின்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு கட்டைகளைச் செருகினார். இன்ஜினை அணைக்கச் சொல்லி, மச்சானைக் கையைப் பிடித்து இறக்கினார்.

"உனக்குப் பசங்க எத்தினி?"

"ரெண்டு பொண்ணுக்கா."

"போ. போய்க் கோட்டாண்ட நில்லு."

மச்சான் போய் நின்றார். யாரும் சொல்லாமலே வலது கையை நீட்டினார். கூலிக்கு வந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரிக்க, அந்த நிமிஷம் கொல்லையே சிரித்தது. மச்சானும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கருவியைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு, அக்கா பின்பக்கமாகவே ஏறினார். சாயங்காலத்துக்குள் மேல்கொல்லை முழுதும் விதைத்தாயிற்று. வரிசைக்கு வரிசை செடி வந்தது. அறுவடையில் கொல்லைக்காரர் ஒரு மூட்டைக் கடலையைத் தானே சுமந்துவந்து அக்கா வீட்டு வாசலில் இறக்கினார்.

இப்போது எனக்கு மேஜை வேலை. ஊர்களுக்குப் போய்க் கருவியை ஓட்டிக் காட்ட என்கீழ் நான்கு பேர் இருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் அவர்களை அனுப்புகிறேன். ஆர்.கே.பேட்டைக்கு மட்டும் அன்றைக்கு யாரும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நானே கிளம்பிவிடுகிறேன்.