பப்பாளி சாரின் வாசல் சோதனை

புனே நகரத்தில் பப்பாளிப் பழத்துக்கு ஜென்ம விரோதியாக வாழ்ந்த ஒரே மனிதர் அவர்தான். பிம்ப்ரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் செய்திமடலுக்கு நான் எழுதிக்கொண்டிருந்தபோது, அங்கே வேதியியல் பிரிவுக்குத் தலைவர். சொந்தப் பெயரைச் சொன்னால் காவலாளி விழிப்பார். ‘பப்பாளி சார்’ என்றால் மூன்றாவது மாடியைக் காட்டுவார்.

விரோதத்துக்குக் காரணம் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டி மட்டும் பளிச்சென்று தெரிய ஒரு மருந்து செய்துகொண்டிருந்தார். மருந்துக்குள் ஓர் உலோகம். அதன்மேல் புரத மூடி. கட்டியில் சுரக்கும் என்சைம் மூடியை வெட்டினால்தான் வெளிச்சம். பப்பாளியிலும் புரதத்தை வெட்டும் என்சைம் இருக்கிறதே, கையோடு வந்து மருந்தில் பட்டால் மூடி போச்சு! ஆகவே வாசலில் நின்று, வருகிறவர்களின் கையையெல்லாம் முகர்ந்து பார்ப்பார். விமான நிலையத்துச் சுங்க அதிகாரி தோற்றார்.

தேஹு ரோட்டிலிருந்து வரும் உதவியாளர் ஸ்டெல்லா அக்கா தினமும் வம்புக்கு இழுப்பார்.

“அரே சார், காலையில அன்னாசி சாப்பிட்டேன். லீவு குடுங்க, வீட்டுக்குப் போறேன்.”

“அன்னாசியா? அது பப்பாளிக்கு அண்ணனாச்சே! தள்ளி நில்லும்மா!”

ஒரு மருத்துவமனை, கட்டி உள்ள எலியை ஸ்கேன் செய்ய ஒரே ஒரு பகல் இயந்திரத்தை இரவல் தந்தது. அன்று கட்டி ஒளிராவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. முதலில் மருந்தை மட்டும் குழாயில் ஊற்றிப் பார்த்தோம். என்சைம் இல்லாததால் இருட்டாக இருக்க வேண்டும். திரையிலோ தீபாவளி.

“எவன்டா பப்பாளி தின்னது?”

வரிசையாக எல்லார் கையையும் முகர்ந்தார். என் கையில் வடாபாவ் வாசனை. கடைசியில் ஏதோ நினைவு வந்தவராய்த் தன் கையை முகர்ந்தார். முகம் தொங்கிப்போயிற்று.

யாரையும் நம்பாமல், முந்தின நாள் குழாய்களை அவரே வீட்டில் கழுவியிருக்கிறார், கறை நீக்கும் சலவைப் பவுடர் போட்டு. அதிலும் அதே மாதிரி என்சைம்.

“நான் வெளிய நிக்கிறேன். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்.”

கதவுக்கு அப்பால் போய்விட்டார். அங்கிருந்தே கத்தினார்: “குப்பியில மிச்சம் மருந்து இருக்கும்மா! பிரிக்காத பாக்கெட்ல புதுக் குழாய் இருக்கு! என் பக்கம் கொண்டு வராதே!” மருத்துவமனை நர்ஸ் மராத்தியில் அதட்டினார். அவர் அடங்கவில்லை.

புதுக் குழாய் இருண்டிருந்தது. எலியின் உடம்பில் கட்டி மட்டும் பொட்டு வைத்தாற்போல் ஒளிர்ந்தது.

“சார், வந்துருச்சு! உள்ள வாங்க!” என்று ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார்.

அவர் வாசலிலேயே நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். “மோந்து பாரும்மா. வரலாமா?”

ஸ்டெல்லா அக்கா நிதானமாக முகர்ந்தார். “பவுடர் வாசனை இன்னும் போகல சார். பரவாயில்ல, வாங்க.”

இப்போது புனேயின் மறுகோடியில், கோந்த்வாவில் இருக்கிறேன். பப்பாளி சாப்பிட்டால் இன்றும் இரண்டு தரம் கை கழுவுகிறேன். முகர்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.