மாடன் கேட்ட சத்தம்

நெஞ்சில் குத்துகிற மாதிரி ஒரு சத்தம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவன், அது யார் நெஞ்சில் குத்தும் என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. நான் விசாரிக்கவில்லை.

நான் கம்ப்யூட்டரில் பாட்டுச் செய்கிறவன். தாராவி வீட்டின் மேல்தட்டில், அப்பா கடைக்கான தோல் பைகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, உலகத்தையே ஆட வைக்கப்போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (உலகம் அப்போது கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்தது.) இந்த வகை இசையில் எல்லாவற்றுக்கும் அடியில் 'கிக்' என்று ஒரு தாளச் சத்தம் விழுந்துகொண்டே இருக்கும். அது சரியாக விழுந்தால் கேட்கிறவன் கால் தானாக ஆடும். என் கிக்கோ ஈர அட்டைப்பெட்டியில் தட்டியது மாதிரி 'பொத்' என்றது. பாஸ் என்கிற அடிநாதத்தைக் கூட்டினால் கொழகொழத்தது. குறைத்தால் கொசு அடித்த மாதிரி இருந்தது.

இந்த லட்சணத்தில், அக்கா ரிசப்ஷனுக்கு நான்தான் பாட்டு போடுவேன் என்று வாயை வேறு விட்டிருந்தேன். அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"சம்பந்தக்காரங்க முன்னால மானம் போச்சுன்னா, மறுநாளே இந்த டப்பாவ மூடிட்டு கடையில வந்து உக்காரணும். சரியால?"

"சரிப்பா."

"சரின்னுட்டுப் பொறவு முழிக்கக் கூடாது."

அப்போதுதான் போனில் கிடந்த கொடை ரெக்கார்டிங் ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்கள் திருநெல்வேலியிலிருந்து வரும்போது கூடவே கூட்டி வந்து தாராவியில் குடிவைத்த சுடலைமாடனுக்கு வருஷா வருஷம் கொடை நடக்கும். வில்லுப்பாட்டில் ஒருவர் குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பார். அந்த அடி இறுகி வேகமெடுக்கும்போது பெரியப்பாவுக்கு அருள் வரும். எங்கள் குடும்பத்துச் சாமியாடி அவர்தான். மற்ற நாட்களில் குர்லாவில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். டீ ஆறிப்போனால்கூடக் குறை சொல்லமாட்டார்.

அவருக்கு அருள் வருகிற இடத்தில் விழுந்த அடியை வெட்டி எடுத்து என் கிக்கின் மேல் ஒட்டினேன். அடிகள் விழுந்த வேகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஹெட்போனில் கேட்டபோது பிடரி முடி சிலிர்த்தது. என் திறமையை நினைத்துத்தான் சிலிர்க்கிறது என்று நினைத்தேன்.

செம்பூரில் ஏசி ஹால். சாயங்காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெரியப்பா சஃபாரி சூட்டில், முன்வரிசையில், ஜாமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் என் பாட்டைப் போட்டேன்.

முதல் அடி விழுந்ததும் அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் குனிந்து, ஷூவைக் கழற்றி, ஜோடி சேர்த்து நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாங்க, இது செம்பூரு" என்றார்.

செம்பூரையெல்லாம் மாடன் பொருட்படுத்தவில்லை. பெரியப்பா உடம்பு உதற எழுந்து மேடைக்கு வந்தார். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் டான்ஸ் என்று நினைத்து, "அங்கிள் ஏக்தம் மஸ்த்" என்று இந்தியில் மெச்சி, போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பின்வரிசையில் யாரோ குலவையிட்டார்கள்.

"ஏல, நிப்பாட்டுல" என்றார் அப்பா.

அமுக்கினேன். லேப்டாப் உறைந்துபோயிருந்தது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது. அடி நிற்கவில்லை. பெரியப்பாவின் கால்தான் மேடைப் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் என் முன்னால் வந்து நின்றார். குரல் அவருடையது இல்லை.

"கூப்பிட்டது யாரு?"

அப்பா என்னை முன்னால் தள்ளினார். "சின்னப்பய, தெரியாமக் கூப்பிட்டுட்டான் சாமி. பொறுத்துக்கிடணும்."

செத்துக் கிடந்த ஸ்பீக்கர்மேல் சாமி உள்ளங்கையை வைத்தது.

"சத்தம் பத்தல."

"சாமி?" என்றேன்.

"பத்தலங்கேன். அடிச்சா விடணும்ல. நீ பிடிச்சிக்கிட்டே கெடக்க."

அடுத்து சுருட்டு கேட்டது. ஹால் மேனேஜர் ஓடி வந்து, "பாய்சாப், ஸ்மோக்கிங் அலவுட் நஹி ஹை" என்று கைகூப்பினார். அப்பா முகம் வெளுத்துவிட்டது. அப்போது சம்பந்தி மேடைக்கு வந்தார். மானம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் சாமி காலில் விழுந்து கிடந்தார். சட்டைப்பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து நெற்றியைக் காட்டினார். அவருக்குப் பூசியதும் பெரியப்பா துவண்டு உட்கார்ந்தார். பெரியம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "ஜாமுன எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். அவருக்கு எதுவும் ஞாபகமில்லை.

மறுநாள் காலையில் சொன்ன சொல்படி லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

"இங்க என்னல பண்ணுத?" என்றார் அப்பா.

"நீங்கதானப்பா சொன்னீங்க..."

"நான் சொன்னது கெடக்கட்டும். சாமி என்ன சொல்லிச்சு? பத்தலன்னு சொல்லிச்சு. பத்துத மாதிரி பண்ணு, போ."

அதுவரை என் பாட்டு ஒன்றைக்கூட முழுதாகக் கேட்காத மனிதர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எடுத்த வீடியோவிலிருந்து, நான் வயரைப் பிடுங்கிய பிறகு மேடையில் விழுந்த ஒரு அடியை எடுத்தேன். சாமி சொன்னபடி, அடித்த பிறகும் இழுத்துக்கொண்டு கிடந்த அதன் வாலை ஒட்ட நறுக்கினேன். அடிச்சா விடணும். ஸ்பீக்கரில் போட்டதும் தோல் பைகளின் கொக்கியெல்லாம் அதிர்ந்தன. என் கிக் கிடைத்துவிட்டது.

ஒரே ஒரு குறை. அந்த அடிக்குள் மெல்லிசாகச் சலங்கை கேட்கிறது. பெரியப்பா அன்றைக்குக் காலில் போட்டிருந்தது நைலான் சாக்ஸ். எந்தெந்த ஃபில்டரையோ போட்டு அதை எடுத்துப் பார்த்தேன். சலங்கையை எடுத்தால் கிக் மறுபடியும் 'பொத்' என்கிறது. விட்டுவிட்டேன்.

இப்போது எந்தப் புதுப் பாட்டும் முதலில் கோவண்டியில் பெரியப்பா வீட்டுக்குத்தான் போகும். பெரியம்மா அவர் முழங்காலில் கைவைத்துக்கொண்டு உட்காருவார். முழங்கால் லேசாக உதறினால் கிக் சரி. உடனே நிறுத்திவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் பாட்டு எப்படி வந்திருக்கிறது என்று கேட்பதில்லை. "முழங்கால் ஆடுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். அக்கா மாமனாரும் அப்படித்தான்.

போன வாரம் நான் போனபோது பெரியப்பா வேலைக்குப் போயிருந்தார். "பரவால்ல, போடு, நான் கேக்கேன்" என்றார் பெரியம்மா. சத்தத்தைக் குறைத்தே வைத்தேன். பாட்டு பாதிகூட ஓடவில்லை. குர்லாவிலிருந்து போன் வந்தது.

"ஏல," என்றார் பெரியப்பா, "என்னைக் கூப்பிட்டியா?"