நாலரை மணி போன்

எனக்குக் கருவிகள் என்றால் ஒரு பலவீனம். வெங்காயம் நறுக்கும் டப்பா, ஊசியில் நூல் கோக்கும் கம்பி, தேங்காய்ச் சில்லு எடுக்கும் வளைந்த கத்தி என்று பஸ் ஸ்டாண்டில் யார் எதைக் கூவி விற்றாலும் முதலில் நிற்கிறவன் நான்தான். (வெங்காய டப்பாவில் என் மனைவி பத்மா இப்போது ஹேர்பின் போட்டு வைத்திருக்கிறாள். அதற்கு அது நன்றாகவே உழைக்கிறது.) இந்தப் பலவீனம் வீட்டுக்குள்ளேயே கிடந்திருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் அதை உத்தியோகத்துக்கும் கொண்டுபோனேன். அதன் பலனாக ஒரு விடியற்காலையில், நன்றாக உயிரோடு இருந்த என் அம்மாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாயிரம் பிறக்கப்போகிற சமயம். செங்கல்பட்டு ராட்டினங்கிணறு பக்கம், ஒரு மருந்துக்கடையின் மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை நேரப் படிப்பு மையத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். (போர்டு துடைப்பது, டியூப் லைட்டைத் தட்டி எரிய வைப்பது எல்லாம் ஒருங்கிணைப்பில் அடக்கம்.) பத்தாவதில் கோட்டை விட்டவர்கள், பாதியில் நின்றவர்கள், தபாலில் பட்டம் படிக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். முதல் மாதம் உட்கார பெஞ்சு பத்தாது. மூன்றாவது மாதம் பெஞ்சுகள் மட்டும்தான் வந்திருக்கும்.

“கோபாலு, வூட்ல இவங்க படிக்கிறாங்களா இல்லியான்னு வாராவாரம் நமக்குத் தெரியணும்பா. எதுனா ஒரு வழி பாரு” என்றார் மையத்தின் முதலாளி உலகநாதன் சார். கருவிப் பைத்தியமான என்னிடம் போய் வழி பார்க்கச் சொன்னார். கருவாட்டுக்குப் பூனை காவல்.

முதலில் சுவரில் ஒரு பெரிய அட்டை மாட்டினேன். படித்தவர் பெயருக்குப் பச்சைக் குண்டூசி, படிக்காதவருக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தவர்கள் அதற்குப் பிறகு மாடிப்படியே ஏறவில்லை. அடுத்து, வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கிவரும் அட்டை. மெக்கானிக் பாபு தவறாமல் மனைவியின் கையெழுத்தோடு வந்தார். அந்தக் கையெழுத்து பாபுவின் கையெழுத்தைப் போலவே இருந்தது. விசாரித்ததில், பாபுவுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. மூன்றாவதாக, ஒரு பாடம் முடித்ததும் மையத்துக்கு ஒரு தபால் கார்டு போடச் சொன்னேன். கொஞ்ச நாள் வந்தது. பிறகு தபால்காரர் எங்கள் மாடிக்கு வருவதையே மறந்துவிட்டார்.

கார்டு நின்றுபோனவர்களில் என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்தவர் மல்லிகா. பால்வாடியில் ஆயா வேலை. பத்தாவதில் கணக்கு மட்டும் பாக்கி. அதைத் தாண்டிவிட்டால் அதே பால்வாடியில் டீச்சராகலாம். ஆனால் வயது வரம்பு என்று ஒன்று இருந்தது. அந்த வருஷம் எழுதித் தேறினால் உண்டு, இல்லாவிட்டால் கடைசிவரை ஆயாதான். புருஷன் லாரியில் வடக்கே போனால் வர மாதமாகும். “எழுதிடுவேன் சார்” என்றுதான் எப்போதும் சொல்வார். வட்டமும் தொடுகோடும் வந்ததும் கார்டு நின்றுவிட்டது.

அப்போதுதான் தாம்பரத்திலிருந்து டை கட்டிய ஓர் இளைஞர் வந்தார். அவருடைய கம்ப்யூட்டர், கார்டு வராதவர்களுக்குத் தானே போன் போட்டுப் பேசுமாம். நாம் பேசிப் பதிவு செய்துவிட்டால் போதுமாம். பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகநாதன் சார் யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே பிளக்கைச் சொருகிவிட்டேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாருடைய பெயரையும் என் குரலில் பதிவு செய்தேன். பிறகு செய்தி: “நீங்கள் சென்ற வாரம் ஒரு பாடமும் படிக்கவில்லை. காலம் பொன் போன்றது.” ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப் போலக் கம்பீரமாக இருந்ததாக எனக்கு நினைப்பு. போன் போக வேண்டிய நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. படிக்க உகந்தது பிரம்ம முகூர்த்தம்தானே? விடியற்காலை நாலரை என்று அடித்தேன். கடைசியாக, முன்மாதிரியாக இருக்கட்டும் என்று என் பெயரையும் சேர்த்தேன். நானும் தபாலில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தவன்தான். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது பேச்சுக்கு. புத்தகக் கட்டைப் பிரித்திருந்தேன்.) ஒருநாள் சாயங்காலம் இயந்திரத்தை ஓடவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, மறந்தும்போனேன்.

இரண்டு விஷயங்களை நான் யோசிக்கவில்லை. ஒன்று, எங்கள் மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு நம்பரைக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று எழுதியிருந்தார்கள். பி.பி. போனுக்கு ஒரு மரியாதை உண்டு. எடுத்தவர் பெயரைக் கேட்டதும் “இருங்க, கூப்டுறேன்” என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஓடுவார். மிச்சத்தைக் கேட்க மாட்டார். இரண்டு, விடியற்காலையில் நம் ஊரில் எதற்குப் போன் வரும்?

எனக்குப் பி.பி. மாடிவீட்டு சரோஜா அக்கா. மறுநாள் விடியற்காலை இருட்டில் கதவை இடித்தார்.

“தம்பி! எய்ந்திரு! உனுக்குப் போனு!”

வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவதற்குள் லைன் போய்விட்டது. ரிசீவரில் கொர்ரென்ற சத்தம்.

“யாருக்கா பேசினாங்க?”

“தெரில தம்பி. யாரோ வயசானவரு. உன் பேர சொன்னாரு. கொரலே செரியில்ல, அய்துகினே பேசுற மாறி இருந்துச்சி.”

(அது என் கம்பீரக் குரல் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.)

அம்மா நெம்மேலியில் தனியாக இருந்தாள். அப்பா போன பிறகு, கூப்பிட்டும் வர மாட்டேன் என்றுவிட்டாள். நானும் போய்ப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பத்மா வெளியே வந்து, “மொதல்ல யாருக்கு என்னன்னு தெரிஞ்சுக்குங்க” என்றாள். அம்மாவுக்குப் பி.பி. அங்கே இருக்கிற மளிகைக்கடை. அது விடிந்துதான் திறக்கும். அதுவரை பொறுத்திருக்கலாம். ஆனால் பதறுகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பத்மாவை வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டில் பூக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

“யாரு?”

“அம்மா.”

பெரிய சம்பங்கி மாலையாக எடுத்துக் கொடுத்தார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்ததை அவர்தான் சொன்னார்.

மாமல்லபுரத்துக்கு முதல் பஸ். மடியில் மாலையோடு உட்கார்ந்தால், முன் சீட்டில் ஒரு பெண் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். மல்லிகா! படிக்கட்டருகே கண் சிவந்து நிற்பது மெக்கானிக் பாபு.

“பாபு, நீங்க எங்க?”

“திருக்கழுக்குன்றம் சார். எங்க அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து படுத்துகினு இருந்தாரு. காத்தால போனு. போய் எடுக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சி.”

“தைரியமா இருங்க. எனக்கும் அப்படித்தான். எங்க அம்மா.”

மல்லிகா திரும்பினார். “எனுக்கும் சார். கோவளத்துல எங்கம்மா ஒண்டியா கீது.”

நான் மூவருக்கும் பொதுவாக ஆறுதல் சொன்னேன். “என்ன பண்றது, நாள் அப்படி. ஒரே நாள்ல மூணு பேர்.” இதைச் சொன்னது எம்.ஏ. படிக்கிற நான். ஆறாவது சீட்டில் இருந்த ஓர் அம்மாள் “பரணி நட்சத்திரம்பா” என்று சேர்த்துக்கொண்டார்.

மல்லிகாவின் அழுகை மெல்ல நின்றது.

“உங்களுக்கு எத்தினி மணிக்கு சார் போனு?”

“நாலரைக்கு மேல.”

“ஆம்பள கொரலா?”

“ஆமா. வயசானவராம்.”

“பேர மட்டும் சொன்னாரா?”

“ஆமா.”

“சார்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “போன வாரம் ஒரு கம்ப்யூட்ரு வாங்கினு வந்தீங்களே. அது இன்னா பண்ணும்னு சொன்னீங்க?”

அம்மா உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷமும், நான் இனி உயிரோடு இருப்பது சந்தேகம் என்ற பயமும் ஒன்றாக வந்தன. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

“அப்ப யாரும் சாவலியா?” என்றார் கண்டக்டர். பஸ்ஸில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

பாபு வாய்விட்டுச் சிரித்தார். “அண்ணன பாத்துட்டே வரேன்” என்று திருக்கழுக்குன்றத்தில் குதித்து இறங்கினார். மல்லிகா சிரிக்கவில்லை.

“படிப்பே வேணாம் சார். பேர அடிச்சிடுங்க. எங்க தெருவே எய்ந்து வந்து என்னக் கட்டிக்கினு அய்துச்சி. படிக்காததுக்கு வந்த போனுன்னு தெரிஞ்சா எந்த மூஞ்சிய வெச்சினு நடப்பேன்? நான் ஆயாவாவே இருந்துட்டுப் போறேன்.”

மன்னிப்பு கேட்டேன். கணக்கு கஷ்டமில்லை என்றேன். இன்னும் நாள் இருக்கிறது என்றேன். மாமல்லபுரத்தில் இறங்கி இருவரும் கோவளம் பஸ் ஏறினோம். நெம்மேலியில் நான் இறங்கியதும், பின்னாலேயே அவரும் இறங்கினார்.

“உங்க வூட்ல எறங்கி, உங்கம்மாகிட்டயே சொல்லிட்டுத்தான் போவேன்.”

அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆட்டைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். அந்தத் திட்டு என் காதில் அவ்வளவு இனிமையாக அதற்கு முன் விழுந்ததில்லை.

“இன்னாடா கோபாலு, காத்தாலயே? மால எதுக்கு? எந்த வூட்ல சாவு?”

மல்லிகாதான் சொன்னார். “உங்களுக்குத்தான் பெரிம்மா. உங்க புள்ள உங்கள சாவடிச்சிட்டு மால வாங்கினு வந்துகீறாரு. எங்கம்மாவையும் சேத்து.”

முழுக் கதையையும் அவர் சொல்லி முடிக்கும்வரை அம்மா கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும் சிரித்தாள் பாருங்கள், ஆடு மிரண்டு ஓடியது.

“செத்தப்புறம் போட்டா எனுக்கா தெரியப்போவுது? குடுறா இப்டி.” மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முழங்காலைத் தொட்டது. உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தாள். “நல்லாத்தான் கீது. இத்தினி மாசம் வராதவன், ஒரு போன்ல ஓடியாந்துட்ட. மெஷினு நல்ல மெஷினுதான்.”

எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

“ஆமா, அது உனுக்கு எதுக்குடா போன் போட்டுது?”

“படிக்காதவங்களுக்குப் போடும்மா.”

“அப்ப நீ படிக்கல.”

ஆடு திரும்பி வந்து என்னைப் பார்த்தது.

“நீ ஏம்மா படிக்கல?” என்று மல்லிகா பக்கம் திரும்பினாள்.

திட்ட வந்தவருக்கு இந்தக் கேள்வி எதிர்பாராதது. “புக்கத் தொறந்தா தூக்கம் வருது பெரிம்மா. நாள் முச்சூடும் பசங்கள சாப்ட்டியா, தூங்குனியான்னு நான்தான் கேக்குறேன். என்ன யாரு கேக்குறாங்க? படிச்சியாடின்னு ஒரு ஆளு கேட்டா படிச்சிடுவேன்.”

“அவ்ளோதான? நான் கேக்குறேன். ஞாயித்துக்கெயம உங்கம்மாவப் பாக்க இந்த வயியாத்தான போவ? எறங்கி, படிச்சத என்கிட்ட சொல்லிட்டுப் போ. எனுக்குக் கணக்கு தெரியாது. சொல்றவ முயிச்சா கண்டுபுடிச்சிடுவேன்.” பிறகு என்னைக் கை காட்டினாள். “இவனும் வருவான்.”

அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசல் மணலில் மல்லிகா குச்சியால் வட்டம் போடுவார், தொடுகோடு போடுவார். அம்மா வேர்க்கடலையை மென்றுகொண்டே, “இது ஏன் வட்டத்த வெட்டல? ஏன் தொட்டுட்டு மட்டும் போவுது?” என்று குடைவாள். பதில் சொல்ல முடியாத வாரம் கடலை கிடையாது. எனக்குப் பல வாரம் கிடைக்கவில்லை.

மல்லிகா தேறினார். ரிசல்ட் வந்த அன்று ரோஜா மாலையோடு நெம்மேலியில் இறங்கி, “இது உசுரோட இருக்கறவங்களுக்கு” என்று அம்மா கழுத்தில் போட்டுவிட்டுத்தான் கோவளம் போனார். மறு வருஷம் பால்வாடியில் டீச்சர் நாற்காலி.

கம்ப்யூட்டரை உலகநாதன் சார் ஒரு ஜாதகக்காரருக்குத் தள்ளிவிட்டார். மூன்று மாணவர்களுக்கு சார் வீடுதான் பி.பி. என்பதும், அன்று விடியற்காலையில் இரவு உடுப்போடு மூன்று தெரு ஓடியவர் அவர் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மையத்தின் விண்ணப்பத்தில் போன் நம்பர் கட்டத்துக்குக் கீழே “கேட்பவர்” என்று ஒரு கட்டம் மட்டும் சேர்க்கச் சொன்னேன். மாமியார், டீக்கடைக்காரர், ஒருவருக்குச் செல்ல மகள் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கருவியும் வாங்கவில்லை. (மையத்துக்கு.)

இப்போது அம்மாவிடம் செல்போன் இருக்கிறது. வாங்கிக் கொடுத்தது என் தப்பு. தினமும் விடியற்காலை நாலரைக்கு அடிக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த முதல் மணிக்கு நான் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் எழுந்து ஓடுகிறேன். எடுத்தால், “நான் சாவலடா. நீ எய்ந்துட்டியா? படிச்சியா?” வீட்டில் யார் எதற்குச் சோம்பினாலும் என் மகள் கேட்கிற கேள்வி, “நெம்மேலிக்கு நம்பர் குடுக்கட்டுமா?”

நான் எம்.ஏ. முடித்துப் பல வருஷமாகிறது. அதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் போன் நின்றுவிடும். போன வாரம் இதைப் பத்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.

“ஐயோ, அத்தைகிட்ட அன்னைக்கே நான் சொல்லிட்டேனே” என்றாள்.

மறுநாள் நாலரைக்குப் போன் வந்தது. எம்.ஏ. விஷயம் தெரியுமா என்று கேட்டே விட்டேன்.

“தெரியும் போடா,” என்றாள் அம்மா. “இன்னிக்கு இன்னா படிச்ச?”